காவ்யாவின் நோட்டும் என் கோணல் எழுத்தும்

மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு ஆனைக்குட்டத்திலிருந்து உன் அய்யா எழுதுவது.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்குக் கை நடுக்கம் ஒன்றும் இல்லை. அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகினால் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்குமாம், எங்கள் மாலை வகுப்பு டீச்சர் சொன்னாள். வரி தானாக மேலே ஏறுகிறது, பிறகு தானாகக் கீழே இறங்குகிறது. 'ஞ' எழுத ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று இன்னும் பிடிபடவில்லை. அடித்துத் திருத்திய இடங்களை மன்னித்துக்கொள். இந்த முதல் பக்கத்துக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. உன் அம்மா ரெண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, கிரயப் பத்திரமா எழுதுறீக? போன்ல ரெண்டு வார்த்தை பேசினா முடியிற சோலிக்கு இம்புட்டுப் பாடா?" என்றாள். போனில் பேசி முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பாதியில் போனை வைத்துவிட்டாய். கடிதத்தைக் கோபத்தில் கீழே வைத்தாலும், மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலேயே நிற்கும். மருமகள் செல்வி இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். தாளும் தபாலில் வரும். தாளை வைத்துக்கொள். உன் அய்யா எழுதிய முதல் கடிதம்.

நீ அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. "பெரியவளுக்கு வந்தது வந்துருச்சு. நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கிற சின்னவளை எதுக்கு மதுரைக்கு இழுத்துட்டுப் போய் ரத்தம் எடுக்கணும்? ஊரு பூரா தெரிஞ்சா ரெண்டு பிள்ளைகளையும் எவன் கட்டுவான்?" என்று கேட்டாய். வருகிற வியாழக்கிழமை சின்னவள் யாழினியை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ சரி என்று சொல்லாமல் செல்வி பஸ் ஏற மாட்டாள். அவள் பிடிவாதக்காரி இல்லை. நீ 'சொந்தத்துல கட்டி வச்சதாலதான் எல்லாம்' என்று ஒரு வார்த்தை விட்டாயே, அது அவளுக்குள் போய்த் தைத்துவிட்டது. அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதை இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் சந்தோஷமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

பெரியவள் காவ்யாவின் நோய் எப்படிப் பிடிபட்டது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. அதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நான்தான். சிரிக்காதே. மாலை வகுப்பில் சேர்ந்த புதிதில் எழுத்தைப் பார்த்து எழுத எனக்குக் காவ்யாவின் பழைய நோட்டு ஒன்றைச் செல்வி கொடுத்தாள். எட்டாம் வகுப்புத் தமிழ் நோட்டு. அச்சு மாதிரி எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்து நாலு மாதத்தில் பழகிவிட்டேன். அது தீர்ந்ததும் இந்த வருஷத்து நோட்டைக் கேட்டு வாங்கினேன். ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. படித்தது எல்லாம் மறந்துபோய்விட்டதோ என்று எனக்கு ஒரே கலக்கம். வெளியே சொல்லவும் வெட்கம். ரெண்டு நோட்டையும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தேன்.

நீயும் மெஷின் ஓட்டுகிறவன், உனக்குச் சொன்னால் புரியும். நம் காலண்டர் பிரஸ்ஸில் முப்பத்தைந்து வருஷம் நான் ஷீட் அடுக்கினேனே, ஒரு எழுத்து தெரியாமல். வேலை ஆரம்பிக்கும்போது சரிபார்த்த முதல் ஷீட்டை மேஜையில் ஒட்டி வைப்போம். பத்தாயிரம் ஷீட் ஓடினபிறகு ஓடுகிறதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கலர் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். ஒன்றை அடுத்து ஒன்றாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன் கண்ணுக்கு விலகுவது தெரியவே தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் சாமி பேரும் கடை பேரும் சரியாக இருக்கிறதா என்று படித்துவிட்டுப் போவார்கள். நான் படிக்கத் தெரியாதவன், அதனால் கோட்டையும் வளைவையும் மட்டும் பார்ப்பேன். என் கையைத் தாண்டி ஒரு பழுது ஷீட் போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

கட்டிலில் அந்த ரெண்டு நோட்டையும் அப்படித்தான் பார்த்தேன். பழைய நோட்டு முதல் ஷீட். புது நோட்டு பத்தாயிரமாவது. எழுத்து வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருந்து முடிவில் எறும்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது. சுழி எல்லாம் நடுங்கியிருந்தது. டீச்சர் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தாள். செல்வியும் பிள்ளையைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள், போன் பார்த்துப் பார்த்துப் புத்தி மழுங்கிப்போச்சு என்று. நான் காவ்யாவைக் கூப்பிட்டு, "ஏத்தா, வேணும்னா இப்படி எழுதுற?" என்று கேட்டேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இல்ல தாத்தா, கை நான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது" என்றாள்.

எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பக்கத்து டாக்டர் பரீட்சைப் பயம் என்றார். நான் விடவில்லை. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காவ்யாவைக் கூட்டிக்கொண்டு, ரெண்டு நோட்டையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், உன்னைவிடப் பத்து வயசு குறைவாக இருக்கும். நோட்டை ஒதுக்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், ஈரல் சரியாக வேலை செய்யவில்லை என்று வந்தது. அதையும் கை நடுக்கத்தையும் கம்ப்யூட்டரில் தட்டினார். அது ஒரு பட்டியல் போட்டது. நான் சும்மா இருக்காமல், "என்ன சார், பெட்டி ஜோசியம் சொல்லுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "இல்ல தாத்தா. ஆயிரக்கணக்கான நோய் இருக்கு, எல்லாமே எனக்கு அந்த நேரத்துல ஞாபகம் வராது. இது ஞாபகப்படுத்தும். சரியா தப்பான்னு நான்தான் பாக்கணும்" என்றார். மூன்றாவது வரியில் இருந்த ஒரு பேரைப் பார்த்துவிட்டு, "பிள்ளை கண்ணைப் பாக்கணும், இன்னிக்கே மதுரைக்குப் போங்க" என்று சீட்டு எழுதினார்.

மதுரையில் ஒரு கருவியில் காவ்யா தாடையை வைத்து உட்கார்ந்தாள். அவள் கண் டிவி அளவுக்குத் திரையில் தெரிந்தது. கருவிழியைச் சுற்றி ஒரு வளையம், பழைய செம்புக் காசின் நிறத்தில். உண்மையிலேயே செம்புதானாம். நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் துளித்துளி செம்பு இருக்கிறது, நம் உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். காவ்யாவின் உடம்புக்குத் தள்ளத் தெரியவில்லை. ஈரலில் சேர்ந்து, மூளையில் சேர்ந்து, கையை நடுங்க வைத்திருக்கிறது. அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார்கள், எனக்கு எழுத வராது. நாம் செம்பு நோய் என்று வைத்துக்கொள்வோம். உன் அம்மா அதைக் கேட்டதும் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளை சோர்ந்து சோர்ந்து படுக்கிறாளே, செப்புக்குடத்துத் தண்ணீர் நல்லது என்று போனில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆறு மாதமாக அவள்தான் விடிந்ததும் ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நானே பிள்ளைக்கு ஊத்திக் கொடுத்திருக்கேனே" என்று அழுதாள். காவ்யாவைப் பார்த்த டாக்டரம்மா எழுந்து வந்து உன் அம்மா தோளில் கை வைத்து, "பாட்டி, குடத்தால வந்த நோய் இல்ல இது. பிறக்கும்போதே இருந்தது. இனிமே குடம் வேண்டாம், அவ்வளவுதான்" என்றார்கள். இப்போது அந்தக் குடத்தில் கோழி முட்டையிடுகிறது.

பிறகு ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். நாலு வாரம் கழித்து முடிவு வந்தது. டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார்கள். எழுத்து எழுத்தாக ஓடியது. உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பது நம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் எழுதியிருக்கிறதாம். அதற்கு நாலே எழுத்துதானாம்! நான் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைப் படிக்க ஒரு வருஷம் பாடுபட்டேன், உடம்பு நாலு எழுத்தை வைத்துக்கொண்டு கண்ணும் காதும் ஈரலும் செய்துவிடுகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப நானும் எழுத்துத் தெரிஞ்சவனாத்தான் பிறந்திருக்கேன்" என்று சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்த எழுத்தை மனுஷன் உட்கார்ந்து படித்தால் ஆயுசு போதாது. கம்ப்யூட்டர் நல்ல பிரதியின் பக்கத்தில் காவ்யாவின் பிரதியை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்து, மாறியிருக்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறது. நான் மேஜையில் செய்த வேலைதான். காவ்யாவுக்குச் செம்பைத் தள்ளும் வேலையைச் சொல்கிற இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது.

ஏன் உனக்கும் செல்விக்கும் நோய் இல்லை, பிள்ளைக்கு மட்டும் வந்தது என்று கேட்டேன். டாக்டரம்மா சொன்னதை நான் நம் பிரஸ் பாஷையில் மாற்றிச் சொன்னேன், சரியாகத்தான் சொல்கிறேன் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் ரெண்டு அச்சுப் பிளேட்டு, அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்றில் கீறல் இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் வேலை நடந்துவிடும். அதுதான் நீ, அதுதான் செல்வி. ரெண்டிலும் அதே இடத்தில் கீறல் விழுந்தால்தான் பழுது வெளியே தெரியும். சொந்தத்துக்குள் கட்டும்போது ரெண்டு பிளேட்டும் ஒரே பழைய பிளேட்டிலிருந்து எடுத்ததாக இருக்கும். அதனால் ஒரே கீறல் ரெண்டிலும் இருப்பதற்கு வழி அதிகம். வெளியில் கட்டினவர்களுக்கும் வருகிறதாம், ஆனால் குறைவு. இதில் செல்வியின் குற்றம் எங்கே இருக்கிறது? உன் குற்றம்தான் எங்கே இருக்கிறது?

குற்றம் என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது. இனிமேல்தான் எழுதக் கஷ்டமான இடம்.

உன் அக்கா பாக்கியம் மஞ்சள்காமாலையில் செத்தாள் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். உனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவாள். பத்து வயதில் அவள் ஒட்டிய பெட்டியில் ஒரு லேபிள் சாய்ந்து இருக்காது. பதினைந்து வயதில் எல்லாம் சாய ஆரம்பித்தது. பசை சிந்தியது. ஏஜென்ட் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினான். நான் அவள் புறங்கையில் அளவுகோலால் அடித்தேன், ஒரு நாள் இல்லை, பல நாள். அவளும் இதைத்தான் சொன்னாள், "அய்யா, கை நான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது." காவ்யா வாயில் அதே வார்த்தையைக் கேட்டபோது எனக்கு ஏன் சில்லிட்டது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

நடை தடுமாறி, பேச்சு குழறி, கண் மஞ்சள் பூத்த பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெரிய டாக்டர் விளக்கு வைத்து அவள் கண்ணைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இது ரத்தத்தில் வருகிற நோய், பிள்ளையை ரொம்பத் தாமதமாகக் கொண்டுவந்துவிட்டீர்கள், வீட்டில் தம்பி இருக்கிறானா, அவனை உடனே கூட்டி வாருங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். உன்னைக் கூட்டிப் போகவில்லை. காலண்டர் சீசன் வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ கண்மாய்க்கரையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாய், ஓடுகிற பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தேன். அந்த வீட்டு ரத்தம் கெட்டது என்று ஊர் பேசினால் உனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பயந்தேன். உன் அம்மாவிடம் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பிறகு என் தங்கச்சி தன் மகள் செல்விக்கு உன்னைக் கேட்டபோது, வெளியில் போய் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதியில் உடனே சரி என்றேன். சொந்தத்தில் கட்டி வைத்தது பாசத்தால் என்று நீ நினைத்திருப்பாய். பாதி பாசம், பாதி பயம்.

நீ போன் பேசி வைத்த அன்றைக்கு உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். இருபத்தொன்பது வருஷம் கழித்து. அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொளகைக் கீழே வைத்தாள். பிறகு, "இத்தனை வருசமா என் கையால சோறு தின்னுக்கிட்டு இதை நெஞ்சுக்குள்ள வச்சிருந்தீகளாக்கும்" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள். ரெண்டு நாள் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து என் முன்னால் ஒரு நோட்டையும் பேனாவையும் போட்டு, "எங்கிட்டச் சொன்னது பத்தாது. அவன்கிட்டச் சொல்லுங்க. பெருசா எழுதப் படிச்சிருக்கீகள்ல" என்றாள். ஆக, இந்தக் கடிதத்தை எழுத வைத்தவளும் அவள்தான், எழுதும்போது கிண்டல் செய்கிறவளும் அவள்தான்.

நீ தப்பித்தது என் புத்தியால் இல்லை. உன் ஒரு பிளேட்டு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். நான் பார்க்காமலே விட்டுவிட்டு, நீ வளர வளர ஒவ்வொரு வருஷமும் உன் கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது பார்ப்பேன், சைக்கிள் பிடிக்கும்போது பார்ப்பேன். நீ முதன்முதலில் மெஷினில் கை வைத்த அன்றைக்கு உன் விரலைத்தான் பார்த்தேன். உனக்கு இருபத்தைந்து வயது தாண்டும்வரை எனக்குத் தூக்கம் பாதிதான். அந்தப் பார்வையை நீ யாழினி மேல் பார்க்க வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். ஓடுகிற பிள்ளைக்கு எதற்கு என்று நீ கேட்டது என் கேள்வி. அதற்கு இப்போது பதில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தால், நோய் தலைகாட்டுவதற்கு முன்னாலேயே மாத்திரை கொடுத்து அதை வரவிடாமலே நிறுத்திவிடலாமாம். பாக்கியத்துக்கு இந்த வழி கிடைக்கவில்லை, காவ்யாவுக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. யாழினிக்கு முழுசாகக் கிடைக்கும். காவ்யாவிடம் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டதால், சின்னவளிடம் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். ஒரு சின்ன குப்பி ரத்தம். நோய் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்கிறார்கள். இல்லாமல் இருக்க மூன்று பங்கு இருக்கிறது, அதையும் நினைத்துக்கொள். நீயும் அடுத்த லீவில் வரும்போது கண்ணையும் ரத்தத்தையும் காட்டிவிட்டுப் போ. இருபத்தொன்பது வருஷத் தாமதம், பரவாயில்லை, நான் கூட வருகிறேன்.

கல்யாணத்தைப் பற்றியும் யோசித்தேன். பாக்கியத்தை மறைத்து வைத்ததால்தான் செல்வியும் நீயும் ஒன்றும் தெரியாமல் மணவறையில் உட்கார்ந்தீர்கள். தெரிந்திருந்தால் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு குப்பி ரத்தத்தில் பார்த்திருக்கலாம். நம் பிள்ளைகளைக் கேட்டு வருகிறவனிடம் நானே திரையைத் திருப்பிக் காட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் சொல்வேன். கேட்டுவிட்டு ஓடுகிறவன் ஓடட்டும்.

காவ்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். மாத்திரை ஆரம்பித்த முதல் மாதம் நடுக்கம் கூடினது மாதிரி இருந்தது, நாங்கள் பயந்தோம், டாக்டரம்மா அப்படித்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள் என்றார்கள். எட்டு மாதம் ஆகிறது. வெறும் வயிற்றில் மாத்திரை, அவள் மறந்தாலும் யாழினி ஞாபகப்படுத்திவிடுவாள். ஈரல் வறுவல் கிடையாது, முந்திரி கிடையாது, சாக்லேட் கிடையாது. சாக்லேட்டுக்குத்தான் சண்டை. போன வாரம் தானே தலை பின்னிக்கொண்டாள். ஒரு பக்கம் கோணல், ஆனால் தானே பின்னினாள்.

டாக்டரம்மா அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் ஒரே வரியைத் தேதி போட்டு ஒரே நோட்டில் எழுத வேண்டும், கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு. அவளே ஒரு வரி வைத்துக்கொண்டாள்: 'ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிற்கிறது.' கோடையில் அணை காய்ந்து கிடந்தபோதும் அதே வரிதான். அவள் வரிக்குக் கீழே நானும் எழுதுகிறேன், எங்களுக்குள் போட்டி. தொடக்கத்தில் நான் ஜெயித்தேன். மூன்று வாரமாக அவள் ஜெயிக்கிறாள். தோற்பது எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. இப்போது யாழினியும் வந்து உட்கார்ந்து மூன்றாவது வரியை அவள் எழுதுகிறாள். ஏழு வயதுக்கு அருமையான எழுத்து, ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. பாக்கியத்தின் லேபிளும் பத்து வயதில் சாயவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குப் போனால்தான் மதுரையில் நேரத்துக்குச் சேர முடியும். செல்வி யாழினியின் நீலப் பாவாடையைத் துவைத்துத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறாள். அதன்மேல் போனை வைத்திருக்கிறாள். நீ நீளமாகப் பேச வேண்டாம். முதலில் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேள், பிறகு 'போயிட்டு வா' என்று சொல், போதும்.

எனக்கு விரல் வலிக்கிறது, ஆனாலும் நிறுத்த மனசு இல்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன். சனிக்கிழமை நோட்டின் பக்கத்தைக் கிழித்து அந்தக் கடிதத்தோடு வைப்பேன். மூன்று வரி இருக்கும். மூன்றில் கோணலாக இருப்பது என்னுடையதாக மட்டும் இருக்கட்டும்.